கேம்பிங் போகும்போது வீட்டிலிருந்து விறகு கொண்டு போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை நெருங்கினால் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் ஓடும். கூடாரம் யார், அரிசி யார், கோழி யார், பெரிய அண்டா யார் என்று பெயர்கள் நிரம்பும். விறகு என்ற வரிக்கு யாராவது ஒருவர், "எங்க வீட்டுப் பின்னாடி வெட்டிப் போட்ட மரம் நிறைய கிடக்கு, நான் எடுத்துட்டு வரேன்" என்று எழுதிவிடுவார். நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் பட்டியலிலேயே அதிகச் சேதம் செய்யக்கூடிய பொருள் அதுதான். அந்த ஒரு வரியைப் பற்றி எங்கள் கேம்பிங் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: கொண்டு போகலாமா, கூடாதா?

கூடாது. எங்கே எரிக்கப் போகிறீர்களோ அந்த ஊரிலேயே வாங்குங்கள். வெப்பத்தில் பதப்படுத்தி, அதற்கான அரசு முத்திரையோடு கட்டி விற்கும் விறகு மட்டும் விலக்கு; அதைக்கூடப் பூங்காவில் ஏற்றுக்கொள்வார்களா என்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள்.

எரித்துச் சாம்பலாக்கத்தானே கொண்டு போகிறோம்? அதில் என்ன ஆபத்து?

எரிக்கும் வரைக்கும் உள்ள நேரம்தான் ஆபத்து. வெள்ளிக்கிழமை மாலை விறகை இறக்குகிறீர்கள். சனிக்கிழமை இரவு வரை அது கூடாரத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது நாலு கட்டை மிஞ்சுகிறது. அடுத்து வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டு வருகிறோம். இதற்கிடையில் பட்டைக்குள் இருந்த வண்டு வெளியே வந்து பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடலாம். பட்டை உரிந்து கீழே விழுந்த துண்டே போதும்.

ஆஷ் மரங்களைத் துளைக்கும் எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டின் கதை இதற்குச் சரியான சாட்சி. வடகிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்த வண்டு அரை அங்குலம் நீளம்தான் இருக்கும். உலோகம் போல மின்னும். சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்களில் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். 2002இல் மிச்சிகனின் டெட்ராய்ட் பக்கத்திலும், ஆற்றுக்கு அக்கரையில் ஒன்டாரியோவின் வின்ட்சரிலும் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அது வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

வளர்ந்த வண்டு இலையை ஓரமாகக் கடித்துத் தின்னும். அதனால் மரம் சாகாது. பட்டை வெடிப்புகளில் அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் எமன். பட்டைக்கு அடியில், மரம் தன் உணவைக் கடத்தும் மெல்லிய அடுக்கை வளைந்து வளைந்து தின்றுகொண்டே போகும். அடிமரத்தைச் சுற்றி அந்த அடுக்கு அறுந்துபோனால் இலையில் தயாராகும் உணவு வேருக்குப் போகாது. சில வருடங்களில் மரம் நின்ற நிலையில் காய்ந்துவிடும். வட அமெரிக்காவின் ஆஷ் மரங்களுக்கு இந்த வண்டோடு முன்பின் பழக்கமே இல்லை. எதிர்க்கும் சக்தி அவற்றிடம் வளரவில்லை. இதுவரை கோடிக்கணக்கான மரங்கள் போய்விட்டன. 2017இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இங்குள்ள ஐந்து ஆஷ் இனங்களை மிக அபாய நிலையில் உள்ளவை என்று பட்டியலிட்டது. நேற்றுவரை தெருவுக்குத் தெரு நின்ற சாதாரண மரங்கள் இவை.

இழப்பு நிழலோடு முடியவில்லை. கறுப்பு ஆஷ் மரத்தை அடித்து, அதன் ஆண்டு வளையங்களை நார் நாராகப் பிரித்துக் கூடை முடைவது வபனாக்கி, மோஹாக், அனிஷினாபே பழங்குடி மக்களின் தலைமுறைத் தொழில். மரம் போனால் அந்தக் கைவேலையும் போகும். பனை இல்லாமல் ஓலைப்பெட்டி முடைய முடியாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரே ஒரு கட்டு விறகுதானே? அதனாலா இவ்வளவும்?

ஆமாம், ஒரு கட்டே போதும்.

இந்த வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. பெரும்பாலானவை பிறந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு மைலுக்குள்ளேயே தங்கிவிடும். அப்படியே விட்டிருந்தால் அது பக்கத்து ஊர், அடுத்த ஊர் என்று மெதுவாகத்தான் நகர்ந்திருக்கும். ஆனால் தொடக்க வருடங்களில் அது நூறு, இருநூறு மைல் தள்ளித் தனித்தனி இடங்களில் முளைத்தது. மிச்சிகனின் மேல் தீபகற்பத்தைக் காப்பாற்ற, அதை மாநிலத்தின் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் மெக்கினா பாலத்தில் விறகு கடக்கக் கூடாது என்று தடை போட்டுச் சோதனையும் நடத்தினார்கள். அப்படியும் 2005இல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிரிம்லி ஸ்டேட் பார்க்கில் வண்டு அகப்பட்டது. அது ஒரு கேம்ப்கிரவுண்ட் என்பது தற்செயல் இல்லை.

கலிஃபோர்னியாவில் நடந்தது இன்னும் யோசிக்க வைக்கிறது. பொன்புள்ளி ஓக் துளைப்பான் என்ற வண்டு வெளிநாட்டிலிருந்து வந்ததே அல்ல. பக்கத்து மாநிலமான அரிசோனாவின் தென்கிழக்கு மூலையைச் சேர்ந்தது; அங்குள்ள ஓக் மரங்களோடு ஒத்து வாழ்ந்துவந்தது. விறகில் ஏறி சான் டியேகோ மாவட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். 2004இல் அங்கே ஒரு பொறியில் விழுந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓக் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாவதற்கு அதுவே காரணம் என்று 2008இல்தான் புரிந்தது. 2012இல் ரிவர்சைட் மாவட்டத்தின் ஐடில்வைல்ட் மலையூருக்குத் தாவியது. நடுவில் இருந்த தூரத்தை அது பறந்து கடக்கவில்லை. பிறகு ஆரஞ்சு மாவட்டம், லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டம் என்று போனது. "நான் வெளிநாட்டு மரமா கொண்டு வரேன், பக்கத்து ஊர் மரம்தானே" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். மரத்துக்கும் வண்டுக்கும் நம் மாநில எல்லை தெரியாது. அவை பழகிய இடம், பழகாத இடம் என்ற வேறுபாடுதான் அவற்றுக்கு உண்டு.

என் விறகு இரண்டு வருடம் காய்ந்தது. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லையே?

காய்ந்த விறகு நன்றாக எரியும், புகை குறையும். அதற்கு மேல் அது எந்த உத்தரவாதமும் தராது. சில வண்டுகளின் புழுக்கள் வெட்டிய மரத்துக்குள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருந்து, அப்புறம் வண்டாக வெளியே வருகின்றன. மரம் காய்ந்த பிறகு தேடி வந்து குடியேறும் பூச்சிகளும் உண்டு. ஓக் வாடல் நோய் போன்ற பூஞ்சை நோய்களின் வித்துகளைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். வெறுங்கண்ணுக்கு அது நல்ல ஓக் விறகு. ஆஷ் வண்டு வெளியேறும் துளையின் அகலம் மூன்று மில்லிமீட்டர்தான், ஒரு பக்கம் தட்டையான அரைவட்டமாக இருக்கும். அந்தத் துளை தெரிந்தால் ஒரு வண்டு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். துளை இல்லை என்றால் இன்னும் உள்ளேயே இருக்கலாம். பரிசோதனைக் கூடத்தில் பட்டையை உரித்துத் தேடுகிறவர்களுக்கே தவறிப்போவது, காரின் பின்கதவைத் திறந்து வைத்துப் பார்க்கும் நமக்குத் தெரியாது.

வீட்டுப் பின்புறம் பட்டுப்போன மரத்தை வெட்டினோம். சும்மா கிடக்கிறதே?

கொண்டு போகவே கூடாத விறகு இதுதான். நல்ல மரம் ஏன் திடீரென்று பட்டுப்போனது? மிச்சிகன், ஒஹாயோ, ஒன்டாரியோ, நியூ ஜெர்சி பக்கம் அது ஆஷ் மரமாக இருந்தால் பெரும்பாலும் பதில் இந்த வண்டுதான். வெட்டியவுடன் வண்டு செத்துவிடுவதில்லை. எதனால் மரம் செத்ததோ அதையே கட்டித் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போகிறோம்.

அந்த விறகை வீணாக்கச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக் கொல்லையில் எரிக்கலாம், அண்டை வீட்டுக்காரர் கணப்புக்குக் கொடுக்கலாம், நகராட்சியின் மரக்கழிவு சேகரிப்பில் போடலாம். இருந்த தெருவை விட்டுப் போகாதவரை புதிதாக எந்தக் கேடும் இல்லை.

எத்தனை மைல் வரை உள்ளூர் என்று கணக்கு?

எல்லா இடத்துக்கும் ஒரே அளவு கிடையாது. தி நேச்சர் கன்சர்வன்சி அமைப்பு நடத்தும் டோன்ட் மூவ் ஃபயர்வுட் விழிப்புணர்வு இயக்கம் சொல்லும் பொது வழிகாட்டல்: 10 மைலுக்குள் இருந்தால் நல்லது, எந்த நிலையிலும் 50 மைலைத் தாண்டாதீர்கள். அது ஆலோசனை; சட்டம் இடத்துக்கு இடம் மாறும்.

நியூயார்க்கில் பதப்படுத்தாத விறகை, அது கிடைத்த இடத்திலிருந்து 50 மைலுக்கு மேல் கொண்டு போகக் கூடாது. எங்கே வாங்கியது என்று காட்டும் ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். சொந்த மரத்தை வெட்டியிருந்தால் மூலச் சான்று என்ற படிவத்தை நீங்களே நிரப்பி எடுத்துப் போக வேண்டும். வெளி மாநிலத்திலிருந்து பதப்படுத்தாத விறகு நியூயார்க்குக்குள் வரவே கூடாது. ஆகவே நியூ ஜெர்சியிலிருந்து கேட்ஸ்கில்ஸ் மலைக்குப் போகிறவர்களுக்கு மைல் கணக்கே தேவையில்லை, கொண்டு போகவே கூடாது. லாங் ஐலண்டின் நடுப்பகுதியில் ஆசிய நீள்கொம்பு வண்டுக்காகத் தனிமைப்படுத்தல் பகுதி ஒன்று உண்டு. அந்த எல்லையை விட்டு விறகு வெளியே போக மத்திய அரசின் கட்டுப்பாடும் இருக்கிறது.

விஸ்கான்சின் மாநிலப் பூங்காக்களில் எல்லை 10 மைல்தான். அதுவும் மாநிலத்துக்குள் கிடைத்ததாக இருக்க வேண்டும். இல்லையேல் மாநில வேளாண் துறை சான்றளித்த விறகு. மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மூன்றும் பதப்படுத்தாத வெளி மாநில விறகைத் தடுக்கின்றன. டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவில் இருக்கும் கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவில் 2015 முதல் விதி எளிமையானது, கறாரானது: சான்றளித்த, வெப்பத்தில் பதப்படுத்திய விறகுக்கட்டு மட்டும் உள்ளே வரலாம், மற்றபடி பூங்காவிலேயே கீழே விழுந்து காய்ந்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முகாமிடம் முன்பதிவு செய்த உறுதி மின்னஞ்சலிலேயே பல பூங்காக்கள் விறகு விதியை எழுதிவிடுகின்றன. நாம்தான் தேதியையும் இட எண்ணையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். அதில் இல்லாவிட்டால் பூங்கா அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

ஆஷ் வண்டுக்கான தடையை மத்திய அரசே எடுத்துவிட்டதாமே?

எடுத்தது உண்மை. 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை அந்த ஒரு வண்டுக்கான கூட்டாட்சித் தனிமைப்படுத்தலை விலக்கிக்கொண்டது. வண்டு அதற்குள் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவிவிட்டதால், எல்லைக்காவலுக்குச் செலவிட்ட பணத்தை அதன் இயற்கை எதிரிகளான சின்னஞ்சிறு குளவிகளை வளர்த்து விடுவதற்குத் திருப்பினார்கள். ஆபத்து தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. மறு வருடமே, 2022இல், ஓரிகன் மாநிலத்தின் ஃபாரஸ்ட் குரோவ் ஊரில் வண்டு முதன்முறையாகத் தென்பட்டது. மேற்குக் கரையில் இன்னும் அது தொடாத ஆற்றங்கரை ஆஷ் தோப்புகள் நிறைய உண்டு. பல மாநிலங்களின் சொந்த விதிகள் அப்படியே இருக்கின்றன. அதோடு, விறகில் பயணம் செய்வது இந்த ஒரு வண்டு மட்டும் அல்ல.

வேறு என்னென்ன?

நான் மிகவும் அஞ்சுவது ஆசிய நீள்கொம்பு வண்டை. கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள், உடலைவிட நீளமான கொம்புகள். ஆஷ் வண்டு ஒரு குடும்பத்தோடு நிற்கிறது. இதுவோ மேப்பிள், எல்ம், வில்லோ, பர்ச் என்று பலவற்றைத் தின்னும். இலையுதிர்காலத்தில் நாம் மலைமலையாகப் போய்ப் படம் எடுக்கும் அந்தச் சிவப்பு மேப்பிள்தான் அதற்கு மிகப் பிடித்தது. 1996இல் நியூயார்க்கின் புரூக்ளினில் கண்டுபிடித்தார்கள். மாசச்சூசெட்ஸின் வூஸ்டரில் 2008இல் அகப்பட்ட பிறகு அதை ஒழிக்க 30,000க்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட வேண்டியிருந்தது. முழுத் தெருக்கள் மொட்டையாயின. கனடாவில் டொராண்டோ நகரமும் வான் (Vaughan) நகரமும் சந்திக்கும் எல்லைப் பகுதியில் 2003இல் அகப்பட்டது. மரங்களை வெட்டி, பல வருடம் கண்காணித்து ஒழித்தார்கள். 2013இல் மிசிசாகாவில் மறுபடி அகப்பட்டது. மறுபடி வெட்டி, கண்காணித்து, 2020இல்தான் கனடா தன்னிடம் அது இல்லை என்று அறிவித்தது. ஒரு வண்டை ஒழிக்க முடியும் என்பதற்கு இது அபூர்வமான நல்ல சான்று. விறகு விதிகளைப் பொதுமக்கள் கடைப்பிடிக்காவிட்டால் அந்த உழைப்பு நிலைக்காது.

ஸ்பாஞ்சி மாத் என்ற அந்துப்பூச்சியின் முட்டைத்திரள் பழுப்பு நிறப் பஞ்சு போல மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். 1860களின் இறுதியில் மாசச்சூசெட்ஸின் மெட்ஃபோர்டில் ஒருவர் வீட்டில் வளர்க்கக் கொண்டுவந்து தப்பவிட்டது. இன்றுவரை பரவிக்கொண்டே இருக்கிறது. பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் மாவட்டத்தில் 2014இல் வந்த ஸ்பாட்டட் லேன்டர்ன்ஃபிளையும் பட்டையில் சேறு பூசியதுபோல முட்டையிடும். தென்கிழக்கில் ஜார்ஜியாவின் சவானா அருகே 2002இல் கண்ட ஒரு பொடி வண்டு, லாரல் வாடல் என்ற நோயைத் தரும் பூஞ்சையைச் சுமந்து போய் ரெட்பே மரங்களைக் கொன்று, ஃபுளோரிடாவின் அவகாடோ தோட்டங்கள் வரை போய்விட்டது. ஓக் வாடல் நோய் 2023இல் நயாகரா ஃபால்ஸ் ஊரில் அகப்பட்டபோதுதான் கனடாவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது.

கடையில் கட்டி விற்கும் விறகு எல்லாமே பாதுகாப்பானதா?

இல்லை, பிளாஸ்டிக் சுற்றியிருப்பதே ஒரு சான்று ஆகாது. உங்கள் வீட்டுப் பக்கத்துப் பல்பொருள் கடையில் வாங்கி 200 மைல் ஓட்டிப் போனால், அதுவும் விறகை இடம் மாற்றியதாகவே ஆகும். சீட்டைப் படியுங்கள். வெப்பத்தில் பதப்படுத்தியது என்ற வார்த்தைகளும், அமெரிக்க வேளாண் துறையின் கேடய முத்திரையோ மாநில வேளாண் துறையின் முத்திரையோ இருக்க வேண்டும். சூளையில் உலர்த்தியது என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது; ஈரம் போவதற்கான சூடு வேறு, நடுக்கட்டை வரை புழுவைக் கொல்லும் சூடு வேறு. ஆஷ் வண்டுக்கு வகுத்த அளவு, கட்டையின் மையத்தில் 60 டிகிரி செல்சியஸ் 60 நிமிடம். நியூயார்க் இன்னும் கடுமை: 71 டிகிரி, 75 நிமிடம்.

சாலையோரத்தில் பெட்டியில் பணம் போட்டுவிட்டு எடுத்துப் போகச் சொல்லும் விறகுக் கடைகள் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த ஊர் விவசாயிக்கு நாலு காசு போகிறது. ஆள் இருந்தால் மரம் எங்கே வெட்டியது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பூங்காவுக்கு வெகு அருகில் இருக்கும் கடைகளில் பெரும்பாலும் உள்ளூர் மரமே இருக்கும். கறாரான பூங்காக்களில் அதுவும் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள்.

காட்டிலேயே சுள்ளி பொறுக்கிக்கொள்ளலாமா?

பூங்காவைப் பொறுத்தது. ஸ்மோக்கியில் விழுந்து காய்ந்ததைப் பொறுக்கலாம். கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் கூடாது. யோசமிட்டியில் பள்ளத்தாக்குப் பகுதியிலும், 9,600 அடிக்கு மேலும், செக்கோயா தோப்புகளிலும் கூடாது. ஒன்டாரியோ மாநிலப் பூங்காக்களின் கார் கேம்ப்கிரவுண்டுகளில் கூடாது.

நம் ஊரில் விழுந்த சுள்ளி பொறுக்குவது ஏழையின் உரிமை. அதைத் தடுப்பது பலருக்கு வலிக்கிறது. ஆனால் ஒரு கேம்ப்கிரவுண்டில் வாரத்துக்கு வாரம் புதிய கூட்டம் வருகிறது. எல்லோரும் ஆளுக்கு ஒரு கை பொறுக்கினால் மண்ணுக்குத் திரும்ப வேண்டியது திரும்பாது. மட்கும் கட்டைக்கு அடியில்தான் காளான், வண்டு, சாலமாண்டர் எல்லாம் குடியிருக்கின்றன. விழுந்தது கிடைக்கவில்லை என்று நிற்கிற மரத்தின் கிளையை ஒடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலான பூங்காக்களில் குற்றம்தான். பச்சைக் கிளை எரியவும் எரியாது.

பலகை, பேலட், கரி, தேங்காய்ச் சிரட்டை?

வேலை செய்து மிஞ்சிய சுத்தமான பலகைத் துண்டில் பட்டை இல்லை, சூளையில் காய்ந்தது. பூச்சிக் கணக்கில் பல இடங்களில் அனுமதி உண்டு. பெயின்ட் அடித்தது, பிளைவுட், பச்சை நிறமேறிய மருந்தூட்டிய மரம் எதையும் எரிக்காதீர்கள். பழைய மருந்து மரத்தில் ஆர்சனிக் உண்டு. அதன் புகையும் சாம்பலும் நஞ்சு. சரக்கு அடுக்கும் மரத்தட்டான பேலட்டில் எச்டி (HT) முத்திரை இருந்தால் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது என்று அர்த்தம், ஆனால் அதன் ஆணிகள் சாம்பலில் தங்கி அடுத்து வரும் குழந்தையின் காலில் ஏறும். அதனாலேயே பல பூங்காக்கள் பேலட்டைத் தடுக்கின்றன.

அடுப்புக்கரி தாராளமாகக் கொண்டு போகலாம். டுராஃபிளேம் போன்ற அழுத்திச் செய்த கட்டைகளும் பரவாயில்லை. அவற்றின் மேல் நேரடியாகச் சமைக்க வேண்டாம். சிரட்டையைப் பொறுத்தவரை, இந்த விதிகளின் கவலை மரப்பட்டை. சிரட்டை அதில் வராது. தீக்குழியில் விறகும் கரியும் தவிர வேறு போடக் கூடாது என்று சில முகாம்களில் விதி இருக்கும் என்பதால் கேட்டுவிட்டுப் போடுங்கள். பற்றவைக்க எடுத்துப் போகும் சுள்ளிக்கட்டும் சட்டத்தின் கண்ணில் விறகுதான். அதற்குப் பதில் மெழுகுக் கட்டிகள் எடுத்துப் போங்கள்.

எல்லை தாண்டி, டொராண்டோவிலிருந்து நியூயார்க் பக்கமோ டெட்ராய்ட்டிலிருந்து ஒன்டாரியோவுக்கோ போகிறோம். விறகு?

காரில் ஒரு குச்சிகூட வேண்டாம். இரண்டு நாடுகளும் விறகுக்கு வெப்பச் சிகிச்சை, சான்றிதழ் என்று கேட்கின்றன. விடுமுறைக்குப் போகும் குடும்பம் அந்த வேலையில் இறங்குவதில் பொருளே இல்லை. போன முறை மிஞ்சிய கட்டை டிக்கியில் கிடந்து மறந்துபோயிருக்கலாம். கிளம்பும் முன் பாருங்கள். இருந்தால் அதிகாரி கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

விறகடுப்பில் பிரியாணி போடப் போகிறோம். அங்கே போய் வாங்கினால் கட்டுப்படியாகுமா?

பெரும்பாலும் ஒரு கட்டு 6 முதல் 10 டாலர். சின்னக் கட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் நின்று எரியும். இருபது பேருக்கு அண்டா வைத்து, இரவில் தீயைச் சுற்றி உட்கார்ந்து பாட்டும் பாடுவதென்றால் செலவு கையைக் கடிக்கத்தான் செய்யும். வழி இருக்கிறது. வெங்காயம் வதக்குவது, கறி வேகவைப்பது போன்ற நீண்ட வேலைகளைக் கேஸ் அடுப்பில் முடித்துக்கொண்டு, தம் போடுவதற்கு மட்டும் தணலை வையுங்கள். தம்முக்கு வேண்டியது கொழுந்துவிட்டு எரியும் தீ அல்ல, நின்று கனலும் நெருப்பு; கரியும் சேர்த்துக்கொண்டால் இரண்டு கட்டு விறகில் காரியம் முடியும்.

குழுவாகப் போகிறவர்கள் பட்டியலில் விறகு வரியை எடுத்துவிடாதீர்கள். யார் முதலில் போய்ச் சேர்கிறார்களோ அவர்கள் வாங்குவது, செலவைப் பங்கிடுவது என்று எழுதுங்கள். நீண்ட விடுமுறை வாரங்களில் பூங்காக் கடையில் மாலைக்குள் தீர்ந்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை சீக்கிரம் போகிறவரே வாங்கட்டும். ஈர விறகு கொடுத்துவிட்டார்கள் என்பது பலர் சொல்லும் குறை, நியாயமானதும்கூட. வாங்கும்போது இரண்டு கட்டைகளைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று இருக்கும்.

பெரியப்பா ஏற்கெனவே டிக்கி நிறையக் கொண்டு வந்துவிட்டார். இப்போது என்ன செய்ய?

முதலில் அவரை எல்லார் முன்னாலும் குற்றவாளி ஆக்காதீர்கள். "பெரியப்பா, இந்தப் பட்டைக்குள்ள ஒரு வண்டு இருக்கலாமாம், இங்க இருக்கிற மரத்தையெல்லாம் அழிச்சிடுமாம்" என்று சொன்னால் புரிந்துகொள்ளாத பெரியவர் இல்லை. தோட்டம் துரவு பார்த்தவர்களுக்குத் தென்னையில் காண்டாமிருக வண்டு என்ன செய்யும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

விறகை வண்டியை விட்டு இறக்கும் முன் ரேஞ்சரிடமோ முகாம் பொறுப்பாளரிடமோ சொல்லுங்கள். சிலர் வாங்கி அழித்துவிடுவார்கள், சிலர் உடனே முழுவதையும் எரிக்கச் சொல்வார்கள். எரிப்பதென்றால் அன்றே, எல்லாவற்றையும், டிக்கியில் உதிர்ந்த பட்டைத் தூளையும் கூட்டி எடுத்துப் போட்டு எரியுங்கள். காட்டோரம் வீசிவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு.

மிஞ்சிய விறகை வீட்டுக்கு எடுத்து வரலாமா?

வேண்டாம். போகும் பாதையில் பரவுவது வரும் பாதையிலும் பரவும். அங்கே வாங்கியதைப் பக்கத்துக் கூடாரத்தாருக்குக் கொடுங்கள், அல்லது முகாம் பொறுப்பாளரிடம் விட்டுவிடுங்கள். ஒரே பயணத்தில் மூன்று பூங்காக்களுக்குப் போகிறவர்கள் ஒவ்வோர் இடத்திலும் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கித் தீர்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

விறகு இல்லாமல் கூடாரம், நாற்காலி மட்டும் எடுத்துப் போனால் கவலை இல்லையே?

கொஞ்சம் இருக்கிறது. ஸ்பாஞ்சி மாத்தும் லேன்டர்ன்ஃபிளையும் மரத்தில்தான் முட்டையிடும் என்று இல்லை. வெளியே வைத்திருக்கும் நாற்காலி, சைக்கிள், ஆர்வி என்ற வீட்டு வண்டி, மேசையின் அடிப்பக்கம் எல்லாம் அவற்றுக்குச் சம்மதம். கிளம்பும் முன் திருப்பிப் பார்த்துச் சுரண்டிவிடுங்கள்.

வேலை மாற்றலாகி நியூ ஜெர்சியிலிருந்தோ மாசச்சூசெட்ஸிலிருந்தோ டெக்சஸ், கலிஃபோர்னியா என்று வீடு மாறுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்பாஞ்சி மாத் தனிமைப்படுத்தல் பகுதியிலிருந்து வெளியே போகும்போது, வீட்டுக்கு வெளியே இருந்த பொருள்களைச் சோதித்து அதற்கான படிவத்தை வண்டியோடு அனுப்ப வேண்டும் என்பது மத்தியச் சட்டம். நீங்களே பார்த்து நிரப்பலாம். குழந்தைகளின் ஊஞ்சலும் பார்பிக்யூ அடுப்பும் அந்தப் பட்டியலில் உண்டு.

உண்மையில் யாராவது சோதிக்கிறார்களா?

சில இடங்களில் ஆம். கலிஃபோர்னியாவுக்குள் நுழையும் நெடுஞ்சாலைகளில் வேளாண் சோதனைச் சாவடிகள் நிற்கின்றன. விறகு இருக்கிறதா என்று கேட்பார்கள். பூங்கா வாசலில் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் போடலாம். பல இடங்களில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அங்கே காவல் நம் கையில்தான் இருக்கிறது.

சந்தேகப்படும்படி ஒரு வண்டைப் பார்த்தால்?

வூஸ்டரில் அந்தப் பெரிய தொற்று வெளிச்சத்துக்கு வந்தது, தன் வீட்டு மரத்தில் பார்த்த வண்டைப் பற்றி ஒரு குடியிருப்பாளர் தகவல் கொடுத்ததால்தான். ஆகவே தயங்காதீர்கள். வண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். முடிந்தால் ஒரு டப்பாவில் பிடித்து உறைபெட்டியில் வையுங்கள். மரத்தில் துளை தெரிந்தால் அதையும், மரம் நிற்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முகாமில் இருந்தால் ரேஞ்சரிடம் காட்டுங்கள். வீட்டில் என்றால் அமெரிக்காவில் மாநில வேளாண் துறைக்கும், கனடாவில் கனடிய உணவு ஆய்வு முகமைக்கும் அனுப்புங்கள். பதில் வரும்வரை அந்த மரத்தின் கிளையையோ விறகையோ இடம் மாற்ற வேண்டாம்.